திராட்சை எங்கே?

சென்ற திங்கள் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நமது இயக்கத்தின் கூட்டம். மதுவின் கேடு பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் முழங்கினேன். குடும்பம் குலைவதைச் சொன்னேன்; தாலி அடகுக்குப் போவதைச் சொன்னேன்; கையொலி பலமாகவே எழுந்தது. பேசி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைக்கும் வேளையில், முன் வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். மார்பிலே மரம் உராய்ந்த பழைய தழும்பு. பனையும் ஈச்சமரமும் ஏறிப் பிழைத்த கை, கால்.

"தம்பி, நல்லாப் பேசினே. ஒரே ஒரு சந்தேகம். எங்க ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கடையை இன்னைக்கும் ஒயின்ஷாப்பு என்றுதானே சொல்லுது? ஒயின் என்றால் என்ன?"

"திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து எடுப்பது ஐயா."

"அப்படியா! அப்போ அந்தக் கடையிலே திராட்சை எங்கே?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் ஈச்சமரத்திலே கலயம் கட்டினால் போலீசு வருது. கலயத்திலே இருக்கிறது எந்த மரத்துச் சரக்கு என்று எனக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். அந்தச் சீசாவிலே இருக்கிறது எதிலிருந்து வந்தது என்று உனக்காவது தெரியுமா தம்பி?"

ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. விடை என்னிடம் இல்லை. நேரமாகிவிட்டது என்று கூறி நன்றியுரைக்கு அழைத்துவிட்டேன். பேச்சாளன் தப்பிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று என்பது தோழர்கள் அறிந்ததே! ஆயினும் அன்றிரவு தருமபுரி திரும்பும் வழி முழுவதும் அக்கேள்வி என்னோடு வந்தது. ஏடுகளைப் புரட்டினேன், அறிந்தோரைக் கேட்டேன். அறிந்ததை இங்கே வைக்கிறேன்.

முதலில் பெயர்ப்பலகை. 2003ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் சில்லறை மது விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமான டாஸ்மாக் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு தனியார் நடத்திய கடைகளின் நெற்றியிலே 'ஒயின்ஸ்' என்று பொறித்திருந்தார்கள். உள்ளே இருந்ததோ பிராந்தி, விஸ்கி, ரம். ஒயின் ஏதோ ஒரு மூலையில், தூசி படிந்து, கேட்பாரற்று நிற்கும். வாளைச் சுத்தியல் என்று எழுதி விற்பார் உண்டா? இங்கே விற்றார்கள். பலகை போய்விட்டது, பெயர் நாவிலே தங்கிவிட்டது.

ஒயின் எனும் திராட்சை மது செய்யும் முறை எளிது. பழுத்த பழத்தை நசுக்கினால் சாறு. தோலிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு அளவில் அது நின்றுவிடும். அதையே காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறங்க வைத்தால் பிராந்தி. பிரான்சு நாட்டின் கோன்யாக் வட்டாரத்துப் பிராந்தி இருமுறை வடித்து, குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் கிடந்த பிறகே அப்பெயரைச் சூடலாம் என்பது அங்குள்ள சட்டம்.

நமது பிராந்தி? கரும்பாலையிலே சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கருநிறக் கழிவுப்பாகு இருக்கிறதே, அதைப் புளிக்க வைத்து, மணமும் சுவையும் நீங்கும்படி வடித்தெடுத்த வெறும் சாராயம்தான் இந்நாட்டு மதுவகைகளில் பெரும்பாலானவற்றின் உடல். சில இடங்களில் கழிவுப்பாகுக்குப் பதில் நொய்யரிசி முதலிய தானியம். அவ்வுடலுக்கு மணம் ஏற்றி, நிறம் ஏற்றி, பெயர் சூட்டினால் ஒன்று பிராந்தி, மற்றொன்று விஸ்கி! தாய் ஒருத்தி, பிள்ளைகளுக்குச் சட்டை மட்டும் வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் வகுத்த விதிகளைப் பாருங்கள். கலப்புப் பிராந்தி என்றொரு வகை அதிலே உண்டு. அதில் தூய திராட்சைப் பிராந்தி எவ்வளவு இருக்க வேண்டும்? நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தால் போதும்! எஞ்சிய தொண்ணூற்றெட்டைக் கேட்க வேண்டாம். முதியவரின் கேள்விக்கு விதிப்புத்தகம் தரும் விடை இதுதான். ஐரோப்பாவிலோ திராட்சை மதுவிலிருந்து வடிக்காத எதையும் பிராந்தி என்று விற்க முடியாது.

நாடகக்காரன் ஆதலால் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேடையிலே குடிகாரன் காட்சி வந்தால் நாங்கள் வெல்லத்தைக் கருக்கித் தண்ணீரில் கரைத்துச் சீசாவில் ஊற்றி வைப்போம். விளக்கொளியில் அசல் பிராந்தி போலவே மின்னும். உண்மைச் சீசாவின் பொன்னிறமும் பல வேளைகளில் கருக்கிய சர்க்கரை தந்ததே என்று இப்போது அறிந்தேன். எங்கள் ஒப்பனை அறையில் நடப்பதுதான் ஆலையிலும் நடக்கிறது!

இந்தத் தருமபுரி மண்ணுக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. தகடூர் ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பை இந்நிலத்துக்குக் கொணர்ந்தவர்கள் என்று ஔவையார் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்ததைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அவன் மறைந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டோ கள்ளைப் பற்றித் தொடங்குகிறது. சிறிதளவு கள் கிடைத்தால் தான் பருகாமல் எமக்கே தருவானே, மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாடத் தானும் உடனிருந்து மகிழ்வானே என்று கலங்குகிறார் மூதாட்டி. கள் இருந்தது, ஆனால் வருவாய்க் கணக்கு அதில் இல்லை. கரும்பு கொணர்ந்த குடியின் மண்ணிலே பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. கரும்பு உழவருக்கு, சர்க்கரை ஊருக்கு. அதன் கழிவு, திராட்சைக் குலை படம் ஒட்டிய சீசாவில் எந்தப் பெயரோடு நம் இளைஞன் கைக்கு வருகிறது என்பது மட்டும் மறைபொருள்!

அக்காலத்தில் திராட்சை மதுவை நாம் அறியாதவர்களா? யவனர் நற்கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த, மணம் கமழும் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் பாடுகிறார். புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்த ஓட்டின் மண்ணையும் வடிவையும் கண்டு, எந்தத் தீவிலிருந்து வந்தது என்று ஆய்வாளர் இன்றும் சொல்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் வந்த சாடிக்குப் பிறந்த ஊர் தெரிகிறது. நேற்று வாங்கிய சீசாவுக்குத் தெரியவில்லை!

"இதெல்லாம் சுவை தேடும் செல்வர் கவலை. நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்களுக்காகவே பிரான்சின் தென்பகுதியில் 1907இல் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே அதற்காகக் கிளர்ந்தெழுந்தவன் மாளிகைவாசி அல்லன். மண்வெட்டி பிடித்தவன்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்சரா எனும் சிறு பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டிய பிறகே மீட்சி. இடைப்பட்ட பஞ்ச காலத்தில் வணிகர் சும்மா இருப்பரா? உலர்ந்த திராட்சையை ஊறவைத்து மது. சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து மது! கொடி மீண்டும் காய்த்தது. ஆனால் கலப்படச் சரக்கு சந்தையை விட்டுப் போகவில்லை. அல்ஜீரியச் சரக்கும் வந்து குவிந்தது. உழைத்தவன் சரக்குக்கு விலை இல்லை. கடன், ஏலம், பட்டினி.

ஆர்ழெலியே என்ற சிற்றூரில் மார்செலின் ஆல்பர் என்பவர் இருந்தார். சிறு தோட்டக்காரர், உணவு விடுதி நடத்தியவர். கேளுங்கள் தோழர்களே, நாடகப் பித்தும் உடையவர்! 1907 மார்ச் 11 அன்று 87 பேரோடு நார்போன் நகருக்கு நடந்து, விசாரணைக்கு வந்திருந்த நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட்டார். பின்னர் ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊரில் கூட்டம். நூறு ஆயிரமாயிற்று, ஆயிரம் இலட்சமாயிற்று. ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் திரண்டனர் என்று மதிப்பிடுவார்கள். நார்போன் நகரத் தலைவர், பொதுவுடைமைக் கொள்கையர், மருத்துவர் பெரூல் தம் பதவியைத் துறந்தார். உள்ளாட்சிகள் பலவும் அவ்வழி சென்றன. வரி கொடோம் என்றனர். தலைமை அமைச்சர் கிளெமான்சோ படையை ஏவினார். நார்போனில் துப்பாக்கி வெடித்தது, மக்கள் மாண்டனர். அச்செய்தி கேட்டு, அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே நிறைந்திருந்த 17ஆம் காலாட்படைப் பிரிவினர் கட்டளையை மீறி பெசியே நகருக்கு நடந்து வந்து மக்களோடு கலந்தனர்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய காட்சி. தேடப்பட்ட ஆல்பர் மறைந்து பாரிசு சென்று கிளெமான்சோவையே நேரில் கண்டார். அமைச்சர் இன்மொழி பேசினார். ஊர் திரும்பி அமைதி காக்கச் சொல் என்றார். ரயில் செலவுக்கு 100 பிராங்க் நோட்டு ஒன்றையும் தந்தார். எளிய மனிதர் வாங்கிக்கொண்டார். மறுகணமே அச்செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. இலட்சங்களின் தலைவர் ஒரே நாளில் நகைப்புக்கும் ஐயத்துக்கும் இலக்கானார்! தடியடியால் சாய்க்க முடியாதவரை ஒரு நோட்டு சாய்த்தது. இந்தக் காட்சியை நாடகமாக எழுத நான் பலமுறை முயன்றிருக்கிறேன். மூன்றாம் அங்கத்தில் பேனா நின்றுவிடுகிறது. அந்த நோட்டை வாங்கும்போது அவர் முகத்தை எப்படிக் காட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் தலைவர் வீழ்ந்தாலும் கோரிக்கை வீழவில்லை. 1907 ஜூன் 29 அன்றே சட்டம் வந்தது. தண்ணீர் கலப்பதற்குத் தடை. சர்க்கரைக்குக் கூடுதல் வரி. ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் விளைச்சலையும் இருப்பையும் வெளிப்படையாகப் பதிய வேண்டும். உழவர்கள் பெரூல் தலைமையில் கூட்டமைப்பு கண்டு, கலப்படத்தைப் பிடிக்கத் தாங்களே ஆய்வாளர்களை அமர்த்தினார்கள். சீசாவின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதை அங்கே தீர்மானித்தது தெருவில் நின்ற உழவன். அதன் தொடர்ச்சி இன்றும் நிற்கவில்லை. 2023 டிசம்பர் 8 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் செய்யும் ஒயினில் இன்னின்ன சேர்ந்துள்ளன என்ற பட்டியலை வாங்குவோர் அறியத் தர வேண்டும் என்பது சட்டம்.

இங்கே நம் நிலை என்ன? மாவட்டம் என்ற பெயர் பெறும் முன், இப்பகுதி சேலம் மாவட்டத்தின் அங்கம். 1937 அக்டோபர் முதல் நாள் இராசாசி அரசு சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய மண் இது. இழந்த வருவாயை ஈடு செய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. கள்ளுப்பானை உடைந்தது, அதன் விலையை உப்பும் புளியும் வாங்கியவன் வரியாகக் கட்டினான். பிறகு கலயமும் வரவில்லை என்பதல்ல, வரியும் போகவில்லை! அதற்கும் முன்பே, ஒத்துழையாமைக் காலத்தில், ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அந்த மரபில் வந்தவர்கள் நாம். அதை மறந்து நான் எழுதவில்லை.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது; 1974இல் மீண்டது; 1981இல் மறுபடி கடை திறந்தது; 1983இல் டாஸ்மாக் பிறந்தது; 1987 முதல் கள்ளும் சாராயமும் மட்டும் தடையாயின; 2003 முதல் அரசே கடைக்காரர். எவர் ஆட்சியில் எது என்று கேட்டுக் கணக்குத் தீர்க்க விரும்புவோருக்கு ஒரு சொல்: பட்டியல் போட்டால் எல்லார் பெயரும் வரும். 2023-24இல் மதுவழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இதில் ஒரு செய்தி நம் கண்ணுக்குத் தப்பிவிட்டது. டாஸ்மாக் விற்பவர் மட்டும் அன்று, வாங்குபவரும் அதுவே. கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத்துக்கு ஒரே ஒரு மொத்த வாங்குநர்! எந்த ஆலையின் சரக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு என்று தீர்மானிப்பது ஒரே மேசை. தக்காளி வாங்கும் தாய் அழுத்திப் பார்க்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள், வேண்டாம் என்றால் அடுத்த கடைக்குப் போகிறாள். இங்கே அடுத்த கடையும் அதே கடை. அப்படிப்பட்ட வாங்குநர் மனம் வைத்தால், எதிலிருந்து வடித்தது என்று தமிழில் அச்சிடாத சீசாவை எடுக்க மாட்டேன் என்று ஒரே சுற்றறிக்கையில் சொல்லலாம். மது உயிருக்குக் கேடு என்று தமிழில் அச்சிடச் செய்ய முடிந்தவர்களுக்கு, இது கழிவுப்பாகுச் சாராயம் என்று அச்சிடச் செய்வதா கடினம்?

உலகச் சந்தையோ வேறு திசையில் நகர்கிறது. ஒயின் குடிப்போர் தொகை உலகெங்கும் சுருங்குகிறது. 2024இல் பருகிய அளவு 1961க்குப் பின் மிகக் குறைவு என்று அனைத்துலகத் திராட்சை, ஒயின் அமைப்பு கணக்கிட்டது. தேங்கிய சரக்கை அழிக்கவே பிரெஞ்சு அரசு 2023இல் பணம் ஒதுக்கியது. அங்கே தேங்கினால் அது எங்கே வரும்? 2022 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம், 150 விழுக்காடாக இருந்த இறக்குமதி வரியை, விலை உயர்ந்த ஒயின்களுக்குப் படிப்படியாகக் குறைக்க வழி செய்தது. மராட்டிய அரசு 2001லேயே தன் திராட்சை ஒயினுக்கு வரிச்சலுகை தந்து நாசிக்கை வளர்த்தது. 2022இல் பேரங்காடிகளில் ஒயின் விற்கலாம் என்றது, எதிர்ப்பும் கிளம்பிற்று. கர்நாடகம் 2007இல் ஒயின் கொள்கை கண்டது. கேரளம் 2022இல் பழங்களிலிருந்து ஒயின் செய்யச் சிறு ஆலைகளுக்கு விதி வகுத்தது. எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: உழவர் நலன்.

தருமபுரி, கிருஷ்ணகிரித் தோப்புகளில் 2025 கோடையில் மாம்பழ விலை வீழ்ந்தபோது, இங்கும் அந்தப் பேச்சைக் கேட்டேன். மாம்பழத்தில் ஒயின் வடித்தால் உழவன் பிழைப்பானாம்! எனக்கு நம்பிக்கை இல்லை. மாம்பழக்கூழ் ஆலைகள் இத்தனை இருந்தும் பழத்துக்கு விலை சொல்பவன் உழவன் அல்லன். கூழுக்குக் கிடைக்காத நீதி மதுவுக்கு மட்டும் கிடைக்குமா?

கள்ளைப் பற்றி? இதில் நம்மிடையே இரு கருத்து உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. உலகின் பெருநகரங்களில் இன்று 'இயற்கை ஒயின்' என்றொரு மோகம்: வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல், மருந்து கலக்காமல், கலங்கிய நிறத்தோடு அப்படியே. அதற்குத் தனி விலை! கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் பாளையிலிருந்து இறக்கினால், காற்றிலுள்ள நுண்ணுயிர் தானே வந்து புளிக்க வைக்கும் கள் அதே வகைதான். நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு சாராயச் சத்து. கடைச் சீசாவில் 42.8. வலியதை அரசு விற்க, மெலியதற்குச் சிறை என்பது எந்த நீதி என்று முதியவர் கேட்டால், நீதி என்று சொல்ல என்னால் இயலவில்லை. இரண்டையும் மூடுவோம் என்றால் முதல் ஆளாக நிற்பேன். ஒன்றை மட்டும் மூடிவிட்டு மதுவிலக்கு மரபு பேசுவது பொருந்தாது என்பது என் கருத்து. அதுவரை, சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீருக்காவது அரசு நல்ல விலை கொடுத்து வாங்கட்டும்.

"மதுவிலக்கு பேசும் நாம் சீசாவின் தரம் பேசினால், குடியை ஏற்றதாகாதா?" எனத் தோழர் ஒருவர் கடிந்துகொண்டார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்கள் பருகியதில் மெத்தனால் இருந்தது. எதைக் குடிக்கிறோம் என்று அவர்கள் அறியவில்லை. கள்ளச்சாராயமும் கடைச் சரக்கும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். எனினும், உள்ளே இருப்பது என்னவென்று கேட்காமல் வாங்கும் பழக்கத்தை நம் மக்களுக்குக் கற்றுத் தந்தது எது? பெயர் ஒன்றும் பொருள் ஒன்றுமாக அரை நூற்றாண்டு விற்றதுதானே!

ஆகவே மாவட்ட மாநாட்டுக்கு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். மூன்றே வரி. எதிலிருந்து வடித்தது, திராட்சை எத்தனை பங்கு, நிறமும் மணமும் எவை என்று ஒவ்வொரு சீசாவிலும் கண்ணுக்குத் தெரியும் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். டாஸ்மாக் எந்த ஆலையிடம் எவ்வளவு வாங்குகிறது என்பதைத் திங்கள்தோறும் வெளியிட வேண்டும். பனை, ஈச்சமரத் தொழிலாளர் மீதுள்ள வழக்குகளை மறு ஆய்வு செய்ய வேண்டும். மூன்றாவது வரியை அடித்துவிடச் சொல்லி இரண்டு பேர் தொலைபேசியில் பேசிவிட்டார்கள். நான் அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அரூரில் கூட்டம். அந்த முதியவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பேருந்துச் செலவை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.